பத்தொன்பது மாதப் பையனுக்குத் தடுப்பூசி பாதியில் நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து போடணுமா?

தேன்சிட்டு_சேரம்பாடி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். பையன் பிறந்தது திருப்பூரில், வீட்டுக்காரர் அப்போது அங்கே பனியன் கம்பெனியில் இருந்தார். பிறந்ததும் போடுகிற ஊசி, 45ஆவது நாள், 75ஆவது நாள் ஊசி எல்லாம் அங்கேயே போட்டாச்சு. அதற்குள் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போய் ஊருக்கு வந்துவிட்டோம், வந்தது நல்ல மழைக்காலம், ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றது, காலையில் யானை நிற்கிறது என்று ஆட்கள் வெளியே விடவில்லை, ஊசி போடுகிற நாள் புதன்கிழமை, அப்படியே இந்தப் புதன் அடுத்த புதன் என்று தள்ளிப்போய் இப்போது பையனுக்கு 19 மாதம். 105ஆவது நாள் ஊசி, ஒன்பது மாத ஊசி, ஒன்றரை வயது ஊசி எதுவும் போடவில்லை.

இப்போது குழப்பம் என்னவென்றால், இவ்வளவு இடைவெளி விட்டதால் முதலிலிருந்து எல்லாம் திரும்பப் போடுவார்களா? அட்டை வேறு மழையில் நனைந்து மை பரவிவிட்டது, 75ஆவது நாள் தேதி மட்டும் அரைகுறையாகத் தெரிகிறது. அந்த ஊசிக்குப் பையனுக்கு நல்ல காய்ச்சல், தொடை கல் மாதிரி வீங்கி ராத்திரி முழுக்க அழுதான், அதை வைத்து மாமியார் இனிமேல் வேண்டவே வேண்டாம் என்கிறார். "இந்தக் குளிருக்கு எந்தக் கிருமி உசிரோட இருக்கும், நோயெல்லாம் கீழே டவுன்லதான்" என்பது அவர் பேச்சு. பையனுக்கு மூக்கு ஒழுகல் ஓயவே ஓயாது, சளி இருந்தால் போடலாமா என்பதும் தெரியவில்லை. புதன்கிழமை போனால் எனக்கு ஒரு நாள் கூலி போகும், அதுகூடப் பரவாயில்லை, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று அங்கே நாலு பேர் முன்னால் திட்டுவார்களே என்றுதான் தயக்கமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரி_தகப்பன்:

சகோதரி, எனக்குத் தெரிந்து ஒரு வயது தாண்டிவிட்டால் திரும்ப ஒன்றிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பேசாமல் தனியார் குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அங்கே காய்ச்சல் வராத, வலி இல்லாத ஊசி இருக்கிறது. விலைதான் கொஞ்சம் கூட.

நடுவட்டம்_பெரியம்மா:

தம்பி கோத்தகிரி, அது தவறு. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால் அந்தப் பிள்ளை இன்னும் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடும்.

தேன்சிட்டு, கண்ணு, நான் இந்த மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முதலிலிருந்து போட மாட்டார்கள். எங்கே நின்றதோ அங்கிருந்து தொடர்வார்கள். இடைவெளி அதிகமானதால் முன்பு போட்டது வீணாகிவிடாது, உடம்பு அதை மறக்காது. இரண்டு தவணைக்கு நடுவில் குறைந்தது நாலு வாரம் இருக்கணும் என்பதுதான் கணக்கு, கூடினால் மருந்துக்குக் கெடுதல் இல்லை, கூடின அத்தனை நாளும் பிள்ளை பாதுகாப்பு இல்லாமல் இருந்தான் என்பதுதான் நஷ்டம்.

உன் பையன் கணக்கைச் சொல்கிறேன். பென்டாவேலண்ட், அதுதான் அந்த ஐந்து நோய் ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமியால் வருகிற மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும்), ஒரு வயதுக்குள் ஒரு தவணையாவது போட்டிருந்தால் மிச்சத்தை ஒரு வயதுக்கு அப்புறமும் முடிக்கலாம். அவனுக்கு இரண்டு ஆகிவிட்டது, மூன்றாவது பாக்கி. ஒன்பது மாதத்தில் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை ரூபெல்லா ஊசியை உடனே போடணும், எனக்கு அதுதான் முதல் கவலை. அதில் இரண்டாவது தவணையை ஒரு மாதம் கழித்துப் போடலாம். போலியோவுக்குச் சொட்டும் உண்டு, கையில் தோலுக்குள் போடுகிற சின்ன ஊசியும் உண்டு. முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான ஊசி) பூஸ்டருக்கு மட்டும், பென்டா மூன்றாவது போட்டு ஆறு மாதம் விடணும். தனியாகப் போடுகிற நிமோனியா ஊசியில் எத்தனை பாக்கி என்பதை அட்டையைப் பார்த்து அங்கே சொல்வார்கள்.

ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசியா என்று உன் மாமியார் கேட்பார். போடலாம், ஒன்றும் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடம், பென்டா இடது தொடை, நிமோனியா ஊசி வலது தொடை, தட்டம்மை வலது மேற்கை. பிள்ளை மூன்று தடவை அழுவான், அவ்வளவுதான். மூன்று புதன்கிழமை கூலி போவதைவிட அது மேல் இல்லையா?

சளி, மூக்கு ஒழுகல், லேசான இருமல், சாதாரண வயிற்றுப்போக்கு, இதற்கெல்லாம் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இந்த ஊரில் மூக்கு ஒழுகாத பிள்ளைக்குத்தான் போடுவோம் என்றால் சித்திரை வரைக்கும் ஒரு பிள்ளைக்கும் போட முடியாது. கடும் காய்ச்சலில் துவண்டு கிடந்தாலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நிலை என்றாலோ தேறிய பிறகு போடலாம். போன தடவை ஊசிக்குப் பின் வலிப்பு வந்தது, மூச்சுத் திணறியது, முகம் வீங்கியது என்று ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் போடாதே. நீ சொல்கிற காய்ச்சலும் தொடை வீக்கமும் அந்த வகையில் சேராது. கக்குவான் கிருமியை முழுசாகக் கொன்று அந்த ஊசியில் சேர்க்கிறார்கள், உடம்பு அதைக் கண்டு சண்டைக்கு நிற்பதால்தான் காய்ச்சல், ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். பாராசிட்டமால் சிரப் தருவார்கள், எவ்வளவு மில்லி என்று பிள்ளையின் எடைக்குக் கேட்டு வாங்கிக்கொள், வீட்டு ஸ்பூனில் குத்துமதிப்பாக ஊற்றாதே. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது (காபித்தூள் வைத்துக்கொண்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்). போட்டதும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வா. தட்டம்மை ஊசிக்கு மட்டும் காய்ச்சல் உடனே வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசான சூடும் இரண்டு மூன்று தடிப்பும் வரலாம், அதைப் பார்த்து ஊசியே அம்மையைக் கொடுத்துவிட்டது என்று மாமியார் சொல்லப்போகிறார், இப்போதே சொல்லி வைத்துவிடு.

அட்டை விஷயம். நனைந்த அட்டையை அடுப்பு மேல் காய வைக்காமல் அப்படியே ஒரு பாலிதீன் கவரில் போட்டு எடுத்துப் போ. பிரசவத்துக்குப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண், அப்போது கொடுத்திருந்த போன் நம்பர், இரண்டையும் சொன்னால் தேடிப்பார்ப்பார்கள். கிடைக்காவிட்டாலும் ஊசி இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. வேறு ஊர், வேறு மாவட்டம், வேறு மாநிலம் என்றாலும் எந்த அரசு நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது.

திட்டுவார்களா? சிலர் திட்டுவார்கள், மறைக்க விரும்பவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களிலும் அப்படி உண்டு, அதனாலேயே அடுத்த தடவை வராமல் போன தாய்மாரும் உண்டு. வாய்க்கு வந்ததைச் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடு, ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த தேதியை எழுதி வாங்காமல் வராதே.

கோத்தகிரி_தகப்பன்:

சரிங்க அம்மா, இப்போது தெரிந்துகொண்டேன். ஆனால் தனியார் ஊசியில் காய்ச்சல் வராது என்பது உண்மைதானே?

நடுவட்டம்_பெரியம்மா:

குறைவாக வரும் தம்பி. அதில் கக்குவான் கிருமியின் சில துண்டுகளை மட்டும்தான் எடுத்துச் சேர்க்கிறார்கள். அதனாலேயே கக்குவானுக்கு எதிரான சக்தி கொஞ்சம் சீக்கிரம் குறைகிறது. வசதி இருப்பவர்கள் போடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசாங்க ஊசி மட்டம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். பொன்னுக்கு வீங்கிக்குத் தடுப்பு அரசுப் பட்டியலில் இன்னும் இல்லை, அது வேண்டுமென்றால் தனியாரில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமானது) கேட்கலாம்.

மலைக்காற்று72:

எங்கள் தாத்தா காலத்தில் எந்த ஊசி இருந்தது? ராகியும் கீரையும் தின்று தொண்ணூறு வயது வரை தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார். இன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பிறந்த நாளிலிருந்தே குத்து குத்து என்று குத்துகிறார்கள். போலியோதான் நாட்டிலேயே இல்லை என்கிறார்கள், அப்புறம் எதற்குச் சொட்டு? தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்று வெளிநாட்டு டாக்டரே எழுதியிருக்கிறார். அந்தப் பெரியவர் (தேன்சிட்டின் மாமியார்) சொல்வதில் அனுபவம் இருக்கிறது, சும்மா ஒதுக்காதீர்கள்.

குன்னூர்_ரயிலடி:

மலைக்காற்று அண்ணா, தாத்தா நன்றாக இருந்தார், சந்தோஷம். பாட்டி இருந்திருந்தால் எத்தனை பெற்றீர்கள், எத்தனை தங்கியது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எங்கள் அப்பத்தா ஒன்பது பெற்று நாலுதான் தங்கியது, போன ஐந்தில் இரண்டு ஒரே மாசியில் அம்மையில் போனது. தப்பிப் பிழைத்தவர்கள்தானே தொண்ணூறு வயதில் நம் கண்ணில் படுகிறார்கள்.

அந்த வெளிநாட்டு டாக்டர் கதை ஊரறிந்தது. 1998இல் இங்கிலாந்தில் 12 பிள்ளைகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார், அதை வெளியிட்ட லான்செட் பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றது, டாக்டர் பட்டியலிலிருந்து அவர் பெயரையும் எடுத்தார்கள். 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை என்று எழுதினார்கள். அது யார் வாட்ஸ்அப்பிலும் வராது. 2017 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது என்ன ஆர்ப்பாட்டம், ஞாபகம் இருக்கிறதா? ஊசி போட்ட பிள்ளை விழுந்துவிட்டது என்று ஆடியோ மேல் ஆடியோ, பள்ளிக்கூட வாசலில் வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்கள். கோடிக்கு மேல் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள், அவர்களில் பலர் இன்றைக்குக் கல்லூரியில் படிக்கிறார்கள். அந்த ஆடியோ போட்டவர்கள் எங்கே?

போலியோ கேள்வி நியாயமான கேள்வி. இந்தியாவில் கடைசியாக வந்தது 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014இல் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் இருக்கிறது, ஆட்கள் போய் வருகிற வரை சொட்டை நிறுத்த முடியாது.

"குளிருக்குக் கிருமி சாகும்" என்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் பலர் இங்கே பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் (சிம்ஸ் பூங்கா பக்கம் இருக்கிறதே, 1907இல் நாய்க்கடி ஊசிக்காக ஆரம்பித்தது, பிறகு நாடு முழுக்கப் போன முத்தடுப்பு மருந்தும் இங்கே தயாரானது), அதனால் இந்தப் பேச்சு எங்கள் தெருவில் சாதாரணம். தட்டம்மைத் தடுப்பு மருந்தில் இருப்பதே பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ்தான். அது சாகாமல் இருக்கத்தான் 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்கிறார்கள். குளிர் அதைக் கொல்லும் என்றால் குளிர்பெட்டி எதற்கு? தேன்சிட்டு, மாமியாரிடம் இதை அப்படியே சொல்லிப் பாருங்கள்.

பென்டா கதை வேறு, அது உறைந்துபோனால் கெட்டுவிடும். அதனால்தான் நர்ஸம்மா பெட்டியில் ஐஸ் பேக்கை வைப்பதற்கு முன்னால் வெளியே எடுத்துப்போட்டு, காதருகே ஆட்டி, உள்ளே தண்ணீர் களக் களக் என்று சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்குவார்கள். கீழே வெயில்தான் மருந்துக்கு எதிரி, தை மாதம் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் உறைபனிக்கும் பயப்பட வேண்டும். மருந்துப் புட்டியில் ஒரு வட்டமும் உள்ளே ஒரு சின்னக் கட்டமும் இருக்கும், கட்டம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் வெயிலில் வாடவில்லை என்று அர்த்தம். உறைந்ததா என்பதை அது காட்டாது. கட்டத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள்.

மலைக்காற்று72:

பாட்டி விஷயம் சரிதான், எங்கள் வீட்டிலும் இரண்டு போயிருக்கிறது. ஆனாலும் அத்தனை ஊசி தேவையா என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. விடுங்கள்.

நாடுகாணி_டிரைவர்:

நான் கூடலூர் நிலம்பூர் லைனில் வண்டி ஓட்டுகிறேன். மலையில் நோய் வராது என்று சொல்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடுகாணியில் வந்து நின்று பாருங்கள், கேரளா வண்டி, கர்நாடகா வண்டி, ஊட்டிக்குப் போகிற டூரிஸ்ட் பஸ், இதற்கு நடுவில் எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்ட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர்கள். சுரம் இறங்கினால் மலப்புரம். 2016இல் அங்கே தொண்டை அடைப்பான் வந்து, சரியாக ஊசி போடாத பிள்ளைகள் செத்த செய்தி நமக்கு யாரும் டிவியில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பஸ்ஸில் வந்தவர்களே சொன்னார்கள். கைக்குழந்தைக்குத்தான் அது வரும் என்று நினைத்திருந்தோம், அங்கே பெரிய பிள்ளைகளுக்கும் வந்தது. 2022 கடைசியில் அதே மாவட்டத்தில் தட்டம்மை. சேரம்பாடியிலிருந்து வயநாடு எவ்வளவு தூரம்? டீ குடிக்கப் போய் வருகிறோம்.

நடுவட்டம்_பெரியம்மா:

டிரைவர் தம்பி சரியாகச் சொன்னார். தட்டம்மை மாதிரி ஒட்டுகிற நோய் வேறு இல்லை, இருமினவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். பாதுகாப்பு இல்லாதவர்கள் பத்துப் பேர் கூட இருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். லைன் வீடுகளில் ஒரே கூரை, ஒரே சுவர், அங்கே சொல்லவே வேண்டாம். 100க்கு 95 பிள்ளைகளாவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். இங்கே ஊசியை எதிர்ப்பவர்கள் ரொம்பக் கம்மி. முதல் வயது ஊசியைப் பெரும்பாலானவர்கள் போட்டுவிடுகிறார்கள், ஒன்றரை வயதுக்கு மேல்தான் விட்டுப்போகிறது. பிள்ளை நடக்கிறான், ஓடுகிறான், தாய் வேலைக்குத் திரும்பிவிட்டாள், யாருக்கு ஞாபகம் வரும்? வேலை தேடி எஸ்டேட் மாறுகிற குடும்பம் என்றால் பழைய இடத்துப் பதிவேட்டில் பெயர் இருக்கும், புதிய இடத்தில் இருக்காது, இரண்டு இடத்து நர்ஸும் அடுத்த இடத்தில் போட்டிருப்பார்கள் என்று நினைப்பார்கள்.

அம்மை கண்டால் வீட்டில் வேப்பிலை கட்டுவதை நான் குறை சொன்னதில்லை, எங்கள் வீட்டிலும் கட்டுவோம். ஆனால் டாக்டரிடமும் காட்ட வேண்டும், வைட்டமின் ஏ கொடுப்பார்கள், கண் போகாமல் காக்கும்.

தேவாலா_ஈரம்:

ஒரு விஷயம். எங்கள் பக்கம் ஒரு தடவை, "இன்றைக்கு உங்கள் பிள்ளை ஒன்றுதான் வந்திருக்கிறது, ஒரு பிள்ளைக்காகப் புட்டியைத் திறந்தால் மிச்சம் வீணாகும், அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். தேன்சிட்டுக்கும் அப்படிச் சொன்னால்?

நடுவட்டம்_பெரியம்மா:

தட்டம்மை மருந்தைக் கலக்கிவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும், அதனால் சிலர் கை இழுக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் திறக்க வேண்டும் என்பதுதான் விதி. வெகு தூரத்திலிருந்து கூலியை விட்டு வந்திருக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள், அப்போதும் மறுத்தால் அங்கே இருக்கிற மருத்துவ அலுவலரைப் பாருங்கள். புட்டி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

தேன்சிட்டு_சேரம்பாடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமியாரிடம் குளிர்பெட்டி விஷயத்தைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஆனா காய்ச்சல் வந்தா நீதான் முழிச்சிருக்கணும்" என்றார். அது போதும் எனக்கு. எங்கள் லைனில் இன்னும் இரண்டு வீட்டில் பாக்கி இருக்கிறதாம், ஜார்க்கண்ட் குடும்பம் ஒன்று, அவர்களுக்கு ஆதார் இங்கே இல்லை என்று போகாமல் இருக்கிறார்கள். கூட்டிப் போகலாமா? அப்புறம் பெரிய பெண் ஆறரை வயது, ஒன்றரை வயது ஊசி வரை சரியாகப் போட்டிருக்கிறது, அவளுக்கும் ஏதாவது உண்டா பெரியம்மா?

நடுவட்டம்_பெரியம்மா:

அவர்களையும் கூட்டிப் போ, ஆதார் இல்லை என்று ஊசியை மறுக்கக் கூடாது. பாப்பாவுக்கு உண்டு கண்ணு, நல்ல வேளை கேட்டாய். ஐந்து ஆறு வயதில் முத்தடுப்பின் இரண்டாவது பூஸ்டர், பள்ளிக்கூடம் சேர்த்தாச்சு, இனி ஊசி இல்லை என்று பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஏழு வயது முடிவதற்குள் போட்டுவிட வேண்டும், அதைத் தாண்டினால் முத்தடுப்பு போட மாட்டார்கள், டி.டி. (Td) என்கிற வேறு ஊசிதான், அது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும். பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று, அதைப் பெரும்பாலும் பள்ளியிலேயே வந்து போடுவார்கள். தம்பியோடு அதே புதன்கிழமை அவளையும் கூட்டிப்போ, காலையில் சீக்கிரம் போனால் மதியத்துக்குள் பள்ளிக்கு விட்டுவிடலாம். எஸ்டேட்டில் இருந்தே வண்டி கேட்டுப் பார், நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தால் அனுப்புவார்கள், இல்லாவிட்டால் நர்ஸம்மாவையே லைனுக்கு வந்து போடச் சொல்லிக் கேட்கலாம், அந்த வழக்கமும் உண்டு.

நாடுகாணி_டிரைவர்:

வண்டி கிடைக்கவில்லை என்றால் இங்கே எழுதுங்கள் அக்கா. புதன் காலையில் பந்தலூர் வழியாகத்தான் வருவேன்.